கழுவியும் போகாதவர்கள்

ஒரு துளி உயிரணுச் சாற்றுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் சந்தைக்கடைக் கூட்டம் மாதிரி முண்டியடித்துக்கொண்டு கிடக்கும். அதிலிருந்து வேண்டிய ஒன்றை மட்டும், வேண்டாத உறவுக்காரன் ஒருத்தன்கூட ஒட்டிக்கொண்டு வராமல், தனியே பிரித்தெடுப்பதுதான் அந்த ஆய்வு நிலையத்தின் தொழில். பிரித்தெடுக்கிறவர்கள் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். பிரித்தெடுப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேலே இருந்தார்கள். வேலைக்கு ஒரே ஒரு குளிர் அறை போதுமாக இருந்தது. பேச்சுக்கு மூன்று மாடி கட்டியும் இடம் பற்றவில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். எந்நேரமும் கையில் பனிக்கட்டி நிரப்பிய வாளியோடு திரிவதால் எல்லாரும் அவளை ஐஸ்வாளி என்றுதான் கூப்பிடுவார்கள். வாளிக்குள் ஒரு குப்பி, குப்பிக்குள் அவளுடைய நொதி. உறைந்துபோன ரத்தத்தைக் கரைக்கக்கூடியது என்று அவள் நம்பிய நொதி அது. கொஞ்சம் சூடு பட்டாலும் திரிந்த பாலாகிவிடும். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட அவள் அவ்வளவு தடவை தொட்டுப் பார்த்திருக்க மாட்டாள் என்பது அவள் கணவனின் குற்றச்சாட்டு.

கணவன் தையல்காரன். அவள் வேலைக்காகக் குடும்பம் ஏற்கெனவே இரண்டு முறை ஊர் மாறியாகிவிட்டது. “ஒரு ஊரோட இடுப்பளவு எனக்கு அத்துப்படியாகுற நேரத்துல மூட்டை கட்டச் சொல்லிடறே” என்பான். மகள் பாடு இன்னும் மோசம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பல மாதம் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டு, இப்போதுதான் ஒரு தோழியைப் பிடித்திருந்தாள். ‘இந்த வேலையும் போனால் மறுபடியும் அந்தக் குழந்தையைப் பிடுங்கி நட வேண்டும்’ என்று ஐஸ்வாளி நினைக்காத நாளில்லை. அவள் வேலை தற்காலிகம். நிரந்தரம் என்ற சொல்லை அவள் அகராதியில் மட்டும் பார்த்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் நிலையத்துக்குப் புதிய தலைவர் வந்தார். அதற்கு முன் சோப்புக் கம்பெனியை நடத்தியவர். தூய்மை நிலையத்துக்குச் சோப்புக்காரரைவிடப் பொருத்தமானவர் யார் என்று மேலிடம் யோசித்திருக்கிறது. எதையும் தொடாவிட்டாலும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டிருப்பார். அவருடைய உதவியாளர் எப்போதும் அரை அடி பின்னால் நடந்து வருவார். அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தவர்கள் ஒன்றும் பெரிதாக மூளையைச் செலவழித்துவிடவில்லை.

‘உங்கள் நிலையத்தில் ஆட்கள் அதிகம், தூய்மை குறைவு, நேரில் வந்து பார்ப்போம்’ என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்ததும், இங்கே என்னதான் நடக்கிறது என்று பார்க்கத் தலைவர் முதல்முறையாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். எதிரே அகப்பட்டவள் ஐஸ்வாளி.

“இந்தக் கண்ணாடிக் குழாய் எதுக்கு?”

பெரிய மனிதர் ஒருவர் தன் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டாரே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடகடவென்று சொன்னாள்: “இதுக்குள்ள பொடிப்பொடியா மணி அடைச்சிருக்கு சார். ஒவ்வொரு மணியிலயும் ஒரு கொக்கி. கொக்கிக்குன்னு ஒரு நாட்டம் உண்டு, அதுக்குப் பிடிச்ச புரதம்தான் அதுல மாட்டும். சாற்றை மேல ஊத்தினா, நம்மளது ஒட்டிக்கும், மத்ததெல்லாம் கீழ ஓடிடும். அப்புறம் நல்லாக் கழுவுவோம். அரைகுறையா ஒட்டினதும் போயிடும்.”

“ஒட்டறது நல்லது. ஓடறது கழிவு.”

“ஆமாம் சார்” என்றார் ஆமாஞ்சாமி.

“அப்படிச் சொல்லலாம் சார். ஆனா இதுல முக்கியமானதே இனிமேதான். ஒட்டினதை எப்படி...”

தலைவரின் போன் அடித்தது. அவர் பேசிக்கொண்டே படியேறிப் போய்விட்டார். பாதிக் கிணறு தாண்டினவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது மரியாதையில்லை என்று அவளும் விட்டுவிட்டாள்.

பக்கத்து மேஜையில் உப்புக் கரைசல் கலக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நிலையத்துக்கு வேண்டிய கரைசலெல்லாம் அவர் கைப்பாகம். எல்லாருக்கும் அவர் உப்பண்ணன்.

“ஏன் தங்கச்சி, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே!”

“என்ன அண்ணே, தெரிஞ்சுக்கத்தானே கேட்டார்?”

“தெரிஞ்சுக்கிட்டா போயிடுவாங்கன்னு நினைக்கிறியா? செஞ்சு பார்ப்பாங்க.”

செய்துதான் பார்த்தார்கள். மறுவாரமே எல்லாரையும் கூட்டி வைத்துத் தலைவர் பேசினார்.

“சோப்புக் கம்பெனியில நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். அழுக்கு போனா மட்டும் போதாது. போகுதுன்னு பார்க்கறவங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் நுரை. இந்த நிலையத்துல வேலை நடக்குது, நான் மறுக்கலை. ஆனா நுரை எங்கே? அதனால இனிமே புரதத்தை மட்டுமில்ல, நம்மளையும் சுத்தம் பண்ணப் போறோம். நல்ல ஊழியர்னா யாரு? வேலை செய்யறவரா? வேலையை யார் வேணும்னாலும் செய்யலாம். என் வீட்டு மாவாட்டும் மெஷின்கூடச் செய்யுது. அதுக்கு என்மேல ஒரு பற்று உண்டா? கிடையாது. நிலையத்தோட ஒட்டறவர்தான் ஊழியர். ஒட்டாம ஓடறவர் கழிவு.”

கைதட்டல் ஓயவே இல்லை. முதலில் நிறுத்துகிறவர் ஒட்டாதவர் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் நிறுத்தட்டும் என்று காத்திருந்தார்கள். கடைசியில் கரண்ட் போய்க் காப்பாற்றியது.

கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாக நிலையத்தின் நீண்ட நடைக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்வாசலில் தொடங்கிப் பின்வாசலில் முடியும் குறுகலான கூடம் அது. கீழ்த்தளத்துக்கு இறங்கும் படி அதன் நடுவில்தான் இருந்தது. கடைசியில் இருந்தது நெருப்புப் பிடித்தால் தப்பிப்பதற்கென்று வைத்த கதவு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. ஒருபக்கச் சுவர் முழுக்கப் பெரிய ஜன்னல்கள், ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் முற்றம். ஊழியர்களை முன்வாசலில் ‘ஊற்றுவது’, ஒட்டாதவர்கள் பின்வாசல் வழியே முற்றத்தில் ‘வடிவது’, மாலையில் லாரி வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று.

கொக்கியாக எதை வைப்பது என்பதற்கு ஒரு குழு. குழுவில் ஒரு வயதான அதிகாரி, “திறமையைக் கொக்கியா வைக்கலாமே?” என்று கேட்டுவிட்டார். “வச்சா நம்மள்ல யாரு ஒட்டுவோம்?” என்று தலைவர் பரிவோடு கேட்டார். அதிகாரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு டீ, பிஸ்கட், மெத்தை வைத்த நாற்காலி, மார்பில் குத்திக்கொள்ளப் பதவி வில்லைகள், தலைவரின் ஆளுயரப் படங்கள் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

மணிகளாக இருக்க மேல்மாடி அதிகாரிகளே முன்வந்தார்கள். ஆனால் மணி என்றால் உருண்டையாக, வெள்ளையாக இருக்க வேண்டும் அல்லவா?

அன்று சாயங்காலம் ஐஸ்வாளி வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. கூடம் முழுக்கப் பஞ்சு. நடுவில் தலைமுடியெல்லாம் வெள்ளையாகக் கணவன் உட்கார்ந்திருந்தான். மகள் பஞ்சு மூட்டைமேல் குதித்துக்கொண்டிருந்தாள்.

“பெரிய ஆர்டர். உங்க ஆபீஸ்தான்” என்றான் பெருமையாக. “உருண்டைச் சட்டை வேணுமாம். அளவு எடுக்கப் போனேன். உருண்டைக்கு இடுப்பு எங்க இருக்கும், நீயே சொல்லு? ஒருத்தர் தொப்பையைக் காட்டி, ‘எனக்குப் பஞ்சே வேண்டாம்ப்பா, துணி மட்டும் போதும்’னுட்டார். நல்ல மனுஷன்.”

“ஏங்க, இது எதுக்குன்னு தெரியுமா?”

“விழா ஏதாவது இருக்கும்.”

“என்னை வடிகட்டறதுக்கு.”

அவள் விவரம் சொல்லச் சொல்ல, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அவன் கை அப்படியே நின்றது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறான்; சொந்த மிஷினில் தைத்துக் கொடுக்கிறவன் தானாகத்தான் இருக்கும் என்று அவனுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

“இங்க பாரு” என்றான். “நாளன்னைக்கு நீ ஒட்டிக்கோ. எதுலயாவது ஒட்டிக்கோ. நாற்காலியோ, படமோ, எதுவா இருந்தாலும் சரி. அந்தத் தோழிகூட இவ ஒரு டிபன் டப்பாவுல சாப்பிடறா. மறுபடியும் பிரிச்சா தாங்க மாட்டா.”

“ஒட்டிக்கிறேன்” என்றாள் ஐஸ்வாளி. உண்மையாகத்தான் சொன்னாள்.

இடையில் ஒரு நாள் மணிகளைப் பதப்படுத்தினார்கள். குழாயில் ஊற்றுமுன் மணியெல்லாம் ஒரே பதத்தில் இருக்க வேண்டும் என்று யாரோ தலைவருக்குச் சொல்லிவிட்டார்களாம். உருண்டைச் சட்டை போட்ட அதிகாரிகள் கூடத்தின் இருபுறமும் தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். தலைவர் சிரித்தால் எல்லாரும் சிரித்தார்கள். பெருமூச்சு விட்டால் எல்லாரும் விட்டார்கள். தும்மினார், வரிசை முழுக்கத் தும்மியது. குழாய்க்குள் காற்று புகுந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்பதால் ஏப்பம் தடை செய்யப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிகளின் முகம் நீலம் பாரித்ததாகப் பேச்சு.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே குளிர் அறையைப் பூட்டிவிட்டார்கள். கழுவல் முடிந்து சாயங்காலம் ஒட்டியிருப்பவர்களுக்குத்தான் சாவி. ஐஸ்வாளி வழக்கம்போல வாளியோடு வந்து நின்றாள். பனிக்கட்டி மதியம் வரைக்கும் தாங்கினால் பெரிய காரியம்.

“மெதுவா, மெதுவா, ஓட்டம் சீரா இருக்கணும்!” என்று தலைவர் ஒலிபெருக்கியில் கத்த, ஆமாஞ்சாமி முன்வாசலில் நின்று ஆட்களை ஒவ்வொருவராக முதுகில் தள்ளி ஊற்றினார்.

முதல் மணி ஒரு கோப்பையை நீட்டியது. “டீ குடிங்கம்மா.”

“வேண்டாம் சார், ஐஸ்...” என்று ஆரம்பித்தவள் கணவன் முகம் ஞாபகம் வரவும், “கொடுங்க சார்” என்றாள்.

இரண்டாம் மணி அவள் மார்பில் ஒரு வில்லையைக் குத்தியது. “இன்னையிலேர்ந்து நீங்க துணை இணை முதன்மைப் பொறுப்பாளர்.”

“எதுக்குப் பொறுப்பு சார்?”

“பொறுப்பானவங்க அந்தக் கேள்வியைக் கேக்க மாட்டாங்க.”

மூன்றாம் மணி மெத்தை நாற்காலியைத் தட்டிக் காட்டியது. அவள் உட்கார்ந்தாள். எதிரே தலைவரின் ஆளுயரப் படம். அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். ஒட்டு, ஒட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவளைச் சுற்றி அழகாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் படத்தின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ரிப்பேர் செய்ய வெளியிலிருந்து வந்த ஆள் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டான். கழிப்பறை எங்கே என்று கேட்க உள்ளே நுழைந்த ஒரு வழிப்போக்கர் பிஸ்கட் தட்டருகே நிலைகொண்டுவிட்டார்; அவர் மார்பில் ‘முதுநிலை ஆலோசகர்’ என்று வில்லை தொங்கியது.

அவளும் ஒட்டியிருப்பாள். நாலாம் மணியாக நின்ற அதிகாரி, சுடச்சுட இருந்த டீக் கெட்டிலை வைக்க இடம் தேடி, வாளிக்குள் பனிக்கட்டிமேல் நச்சென்று வைத்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஐஸ்வாளி கெட்டிலைத் தூக்கி அவர் கையில் திணித்துவிட்டு, வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். யாரிடமாவது பனிக்கட்டி கிடைக்குமா என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. பின்கதவு அவள் பின்னால் க்ளிக்கென்று சாத்திக்கொண்ட பிறகுதான், தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

முற்றத்தில் ‘கழிவு’ என்று பலகை. அதன் கீழே உப்புக் கரைசல் பீப்பாயோடு உப்பண்ணன், கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா, கீழ்த்தளத்து ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். எல்லாருக்கும் கீழ்த்தளத்தில் ஏதோ ஒரு வேலை அடுப்பில் வைத்த பால் போலப் பாதியில் நின்றுகொண்டிருந்தது. அந்த அவசரத்தில் யாருமே எதிலும் ஒட்டவில்லை. எண்ணெய் தடவிக்கொண்டு உருண்டாலும் ஒட்டுற மண்தானே ஒட்டும்?

“அழாதே தங்கச்சி” என்றார் உப்பண்ணன். “வடிஞ்சதை உடனே கொட்டிடாதீங்கன்னு புதுசா வர்ற பசங்களுக்கெல்லாம் நாம எத்தனை தடவை சொல்லியிருக்கோம்! பாதி நேரம் நம்ம சரக்கு அதுலதான் கிடக்கும்.”

“சாயங்காலம் லாரி வருதே அண்ணே. என் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்லுவேன்?”

அந்த நேரம் பார்த்துக் கடைசி உருண்டைச் சட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கணவன் முற்றத்துக்குள் வந்தான். அவளைப் பலகைக்குக் கீழே பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. திட்டப் போகிறான் என்று நினைத்தாள். அவன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான், தண்ணீராகிக்கொண்டிருந்தது.

“இதுக்காகத்தான் ஓடி வந்தியா?”

அவள் தலையாட்டினாள்.

“உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு” என்று ஆரம்பித்தவன், வாக்கியத்தை முடிக்காமல் வாளியைப் பிடுங்கிக்கொண்டு எதிர்த்தெரு ஐஸ் கடைக்குச் சைக்கிளை மிதித்தான்.

உள்ளே கழுவல் தொடங்கியது. கழிவெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தது. முதல் கழுவல் தலைவரின் சொற்பொழிவு. ‘நானும் தூய்மையும்’ என்று தொடங்கியதுமே அரைகுறையாக ஒட்டியிருந்த நாலைந்து பேர் காதைப் பொத்திக்கொண்டு பின்கதவு வழியே வந்து விழுந்தார்கள். மற்றவர்கள் அசையவில்லை. கண் திறந்தபடியே தூங்கப் பழகியவர்கள்.

“இன்னும் கடுமையாக் கழுவணும். உப்பு எங்கே?” என்று தலைவர் ஜன்னலைத் திறந்து கேட்டார். உப்பண்ணன் தன் பீப்பாயை மறுபேச்சில்லாமல் உள்ளே தள்ளினார். உப்புக்காரனிடம் உப்புக் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது அல்லவா? நெருப்பணைக்கிற குழாயைப் பீப்பாயில் விட்டு, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பீய்ச்சினார்கள். கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்கள். இங்கே ஒரு மீனும் நழுவவில்லை. நாற்காலிக் கையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள். முதுநிலை ஆலோசகர் உப்புத் தண்ணீரில் ஊறிய பிஸ்கட்டைக்கூட விடவில்லை. மின்விசிறிக்காரன் புரண்டு படுத்தான்.

“பார்த்தீங்களா! எவ்வளவு கழுவியும் போகலை! இதுதான்யா பற்று!” என்று தலைவர் குதித்தார்.

“ஆமாம் சார்” என்று எங்கிருந்தோ ஆமாஞ்சாமியின் குரல் வந்தது. ஆளைக் காணவில்லை. ஏனென்றால் அதற்குள் பஞ்சு தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தது. மணிகள் ஒவ்வொன்றும் உப்பி, உப்பி, பக்கத்து மணியோடு மோதி, மேல்கூரையைத் தொட்டு, நடுவில் இருந்த ஊழியர்களையும் தலைவரையும் நசுக்கிப் பிடித்துக்கொண்டன. சற்று நேரத்தில் கூடத்தில் குண்டூசி நுழைய இடமில்லை. ஜன்னல் கண்ணாடியில் தலைவரின் ஒரு கன்னமும் ஒரு கையுறையும் மட்டும் அப்பியிருந்தன.

“பஞ்சு நல்ல பஞ்சு” என்றான் கணவன். புதுப் பனிக்கட்டி நிரப்பிய வாளியோடு அப்போதுதான் திரும்பி வந்திருந்தான். தொழில் திருப்தி முகத்தில் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான், நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்ன மேலிடத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து இறங்கினார். முன்வாசலைத் திறந்தார், பஞ்சுச் சுவர், சாத்தினார். சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

“இங்கே தூய்மை எங்கே?”

“உள்ளே மேடம்” என்றது கண்ணாடியில் அப்பியிருந்த கன்னம்.

“சரி, வெளியே எடுத்துக் காட்டுங்க.”

கன்னம் வெளுத்தது. ஒட்ட வைக்கக் குழு போட்டார்கள், கழுவக் குழு போட்டார்கள். ஒட்டியதை எடுப்பதற்கு யாரும் எதுவும் போடவில்லை. தலைவரின் கண் முற்றத்தில் சுழன்று ஐஸ்வாளியிடம் வந்து நின்றது.

“அம்மா, அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தீங்களே... மீதி என்ன?”

‘சொல்லாதே’ என்று உப்பண்ணன் கண்ணைக் காட்டினார். அவளுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் கீழே போகும் படி அந்தக் கூடத்துக்கு நடுவில் இருந்தது. கூடம் காலியானால்தான் அவள் நொதிக்கு வழி.

“கொக்கியில எது இருக்கோ, அதே மாதிரி ஒண்ணை, அதைவிடப் பெரிய அளவுல மேல ஊத்தணும் சார். ஒட்டினதெல்லாம் கொக்கியை விட்டுட்டு அதுகூடப் போயிடும்.”

“கொக்கியில இருக்கறது நான்” என்றார் தலைவர் யோசனையோடு. “என்னை மாதிரி, ஆனா என்னைவிடப் பெரிசா...”

ஐஸ்வாளி மேலிடத்து அம்மாளைப் பார்த்தாள். “மேடம், நீங்க இந்த ஜன்னலோரமா, முன்பக்கத்திலேர்ந்து பின்கதவு வரைக்கும் சும்மா ஒரு நடை நடந்து வர முடியுமா?”

அம்மாள் நடந்தார். முதல் ஜன்னலைக் கடந்ததும் உள்ளே ஒரு தலை திரும்பியது. பிறகு எல்லாத் தலைகளும் திரும்பின. தலைவரின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியை அந்தப் படத்தின் முகத்திலேயே எறிந்தார். நாற்காலிக் கைகள் விடுபட்டன. “மேடம், வணக்கம் மேடம்!” என்று கூடமே புரண்டது. பின்கதவு பட்டென்று திறந்து, ஒவ்வொருவராகப் ‘பொளக், பொளக்’ என்று வந்து விழுந்து, விழுந்த வேகத்தில் எழுந்து, அம்மாளின் பின்னால் வரிசையில் நின்றார்கள். உப்பிய மணிகள் பந்து போல உருண்டு வந்தன. மின்விசிறிக்காரன் கூட்டத்தோடு தூக்கத்திலேயே நடந்து வந்தான். ஆமாஞ்சாமி வந்தார், தலைவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். கடைசியாக, எல்லாரையும்விடப் பெரிய ‘பொளக்’கோடு, தலைவரே வந்து விழுந்தார். கதவு க்ளிக்கென்று சாத்திக்கொண்டது.

மேலிடத்து அம்மாள் வரிசையை நடந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இவ்வளவு தூய்மையை நான் பார்த்ததே இல்லை. வேலை, திறமை, எந்தக் கலப்படமும் இல்ல. இவங்களை இங்க வச்சு வீணாக்கக் கூடாது.” ஐஸ்வாளியிடம் திரும்பினார். “தூய்மையான புரதத்தை நீங்க என்ன செய்வீங்கம்மா?”

“சின்னச் சின்னக் குப்பியில போட்டு உறைய வச்சுடுவோம் மேடம். அடிக்கடி வெளிய எடுக்க மாட்டோம். எடுத்தா கெட்டுடும்.”

“அதேதான். மேலிடத்துல அதுக்குன்னே பெரிய கட்டடம் இருக்கு, ஆளுக்கொரு சின்ன அறை. நானே அங்க வருஷக்கணக்கா இருக்கேன். ஒரு தடவைகூட உபயோகப்படுத்தினதில்லை. பாருங்க, கொஞ்சம்கூடக் கெடலை!”

கழிவை அள்ள வந்த லாரியில் தூய்மை முண்டியடித்துக்கொண்டு ஏறியது. அம்மாளுக்குப் பக்கத்து இடத்துக்குத் தலைவரும் ஆமாஞ்சாமியும் கையுறை கிழிய மல்லுக்கட்டினார்கள். முதுநிலை ஆலோசகர் இன்னும் கழிப்பறைக்குப் போகவில்லை என்பதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

லாரி கிளம்பும் நேரத்தில் ஐஸ்வாளி ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், எங்களை என்ன செய்யப் போறீங்க? கழிவை எங்க அனுப்புவீங்க?”

அம்மாள் அதிர்ச்சியடைந்துவிட்டார். “அனுப்பறதா! ஆய்வுக்கூடக் கழிவை எந்தக் காரணம் கொண்டும் வளாகத்தை விட்டு வெளியேத்தக் கூடாதும்மா. விதி தெரியாதா உங்களுக்கு? எங்க உண்டாச்சோ அங்கேயே வச்சுக்கணும். என்னைக்கும்!”

“என்னைக்குமா?”

“என்னைக்கும்” என்றார் அம்மாள் கண்டிப்பாக. லாரி போய்விட்டது.

முதலில் கண்ணாடி கழுவும் அக்கா ‘கிளுக்’கென்றாள். அடுத்த நிமிடம் கழிவு மொத்தமும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தது. உப்பண்ணன் சைக்கிள் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்தபடியே எல்லாரும் சுற்றிக்கொண்டு போய், அம்மாள் சாத்திவிட்டுப் போன முன்வாசலைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தார்கள். ஈரக் கூடத்தில் குளிர் அறைச் சாவி கிடந்தது. ஐஸ்வாளி தன் நொதியைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றினாள். அது சமர்த்தாக ஒட்டியது, கழுவினால் நின்றது, கேட்டபோது விட்டு வந்தது. இதற்குச் சொற்பொழிவு எதுவும் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு அவள் வந்தபோது மகள் ஒரு அட்டைப்பெட்டியில் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எவரோ தெருவில் சொல்லியிருக்க வேண்டும். அழாமல் அடுக்கினாள், அதுதான் ஐஸ்வாளியால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அடுக்கியதை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

“ஊருக்குப் போகலையா?”

“போகலை. இனிமே என்னை யாரும் எங்கயும் அனுப்ப முடியாது.”

“நிஜமாவா? நிரந்தரமா?”

“நிரந்தரம். அம்மாவைக் கழிவுன்னு முடிவு பண்ணிட்டாங்க.”

மகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். பிறகு அவளுக்குத் திடீரென்று ஒரு கவலை வந்தது.

“அப்ப அப்பா?” என்றாள். “அப்பாவையும் கழிவாக்கச் சொல்லும்மா!”

“என்னை உங்கம்மா கல்யாணத்தன்னைக்கே ஆக்கிட்டா” என்றான் அவன், தையல் மிஷினை மிதித்தபடியே. சிரிப்பில் கை ஆடி, பக்கத்து வீட்டுக்காரரின் காலர் கோணலாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் பிரித்துத் தைக்க அவசரப்படவில்லை.